கட்டிலருகே நின்றவர்கள்

பேய்ப்படங்களைக் கத்தோலிக்கர் பார்க்கலாமா என்னும் வினா நம்மிடம் அவ்வப்போது கேட்கப்படுவதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையிறுத்துவிட இயலாத வினா அது. அச்சத்தை விற்றுக் காசாக்கும் படங்களே மிகுதி. அவற்றால் ஆன்மாவுக்குக் கேடு வருகிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரம் வீணாவது மட்டும் உறுதி. ஆயினும் பேய்ப்படம் என்ற பெயரைச் சுமந்துகொண்டே மனித வாழ்வின் ஆழ்ந்த துயரம் ஒன்றைப் பேசும் படங்களும் சில உள. அவற்றுள் தலையாயது எனச் சொல்லத்தக்கது, 1973ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'தி எக்சார்சிஸ்ட்'. பேயோட்டுபவர் என்பது அதன் பொருள்.

அந்தப் படத்தின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை, முழுவதும் பின்னோக்கிச் சுழலும் ஒரு சிறுமியின் தலை, பச்சை நிற வாந்தி, கட்டிலைவிட்டு மேலே எழும் உடல் ஆகியவைதாம். அரங்கில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றிய செய்திகள் அக்காலத்து நாளேடுகளில் நிறைய வந்தன. திருச்சிலுவையை இழிவுபடுத்தும் காட்சி ஒன்றும் அதில் உண்டு. அதனைக் காணும் எந்தக் கிறிஸ்தவரும் கண்களை மூடிக்கொள்ளவே விரும்புவார். அதற்காக வாதாட நாம் முன்வரவில்லை. சிறுவர் பார்க்கத்தக்க படமன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை அனைத்தையும் படத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன எஞ்சும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு தாய், அவளுடைய நோயுற்ற மகள், முதிய குரு ஒருவர், இளைய குரு ஒருவர், அந்த இளைய குருவின் ஏழைத் தாய் ஆகியோர் எஞ்சுவர். நம்மைப் பொறுத்தவரை படமே இவர்கள்தாம்.

கதையை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. லெபனானிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறிய பெற்றோருக்கு 1928இல் நியூயார்க்கில் பிறந்த கத்தோலிக்கர். கணவர் இல்லாத நிலையில், தாமே செய்த பழப்பாகைத் தெருவில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவருடைய தாய். அந்தத் தாயைப் பற்றியே பின்னர் ஒரு தனி நூலும் எழுதினார் பிளாட்டி. ஜார்ஜ்டவுனில் உள்ள இயேசு சபையாரின் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, 1949இல், மேரிலாந்து மாநிலத்துச் சிறுவன் ஒருவனுக்குக் குருக்கள் பேயோட்டிய செய்தியை நாளேட்டில் படித்தார். அது அவர் மனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1971இல் நாவலாயிற்று. திரைக்கதையையும் அவரே எழுதினார். அதற்காக ஆஸ்கர் விருதும் பெற்றார். படத்தை இயக்கிய வில்லியம் ஃபிரீட்கின், சிகாகோ நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 10 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற அந்தப் படம், சிறந்த படத்திற்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் பேய்ப்படமும் ஆகும். ஆனால் விருதுகளை எண்ணிக்கொண்டிருப்பது நம் நோக்கமன்று.

பேய் பிடித்த சிறுமியைப் பற்றிய படம் என்று பலரும் எண்ணினாலும், அதன் உள்ளுயிர் டேமியன் காரஸ் என்னும் இளைய குருவிடமே இருக்கிறது. இயேசு சபைக் குரு. மனநல மருத்துவமும் கற்றவர். சோர்ந்துபோகும் சக குருக்களுக்கு ஆலோசனை கூறுவதே அவருடைய பணி. அத்தகையவர்தாம் தம் மேலதிகாரியிடம், தம்மை இப்பணியிலிருந்து மாற்றிவிடுமாறும் தம் விசுவாசமே போய்விட்டதாகவும் கூறுகிறார். பிறருடைய ஐயங்களைத் தீர்த்து வைப்பவருக்கு ஐயம் வந்தால் அவர் யாரிடம் போவார்? இக்கேள்வியைத் திரைப்படம் கேட்டிருக்கிறதே என்பது, குருத்துவ வாழ்வில் உள்ள நமக்கு முதலில் வியப்பையும் பிறகு ஒருவகை ஆறுதலையும் தந்தது.

கிரேக்க நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த காரஸின் தாய், நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தனியாக வாழ்கிறாள். மகன் வந்து அவளுடைய நோயுற்ற காலுக்குக் கட்டுப் போடுகிறார். வேறிடம் போகலாம் என்று கேட்கிறார்; தன் வீட்டைவிட்டு வர அவள் மறுக்கிறாள். மகன் ஊர் திரும்பிய பின் உடல்நிலை மோசமாகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த மகனிடம் பணம் ஏது? நல்ல மருத்துவமனைக்கு வழியின்றி, பொது மருத்துவமனையின் மனநோயாளர் பிரிவில் அவளைச் சேர்க்கிறார்கள். குருவாகாமல் இருந்திருந்தால் நீ புகழ்பெற்ற மருத்துவராகியிருப்பாய், உன் தாயும் மாளிகையில் இருந்திருப்பாள் என்று மாமன் குத்திக் காட்டுகிறார். மகன் உள்ளே நுழைகிறார். கட்டிலில் கட்டப்பட்டிருக்கும் தாய், தனக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சில நிமிடங்களே ஓடும் காட்சி இது. பேயோ மாயமோ எதுவும் இல்லை. ஆயினும் படம் முழுவதிலும் இதைவிட நம்மை அஞ்ச வைத்த காட்சி வேறொன்றில்லை. பின்னர் அவள் தன் வீட்டில் தனியாகவே இறந்துபோகிறாள். ஓரிரு நாள்கள் கழித்தே பிறர் அறிகிறார்கள்.

கடவுளுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவோரை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் நாம் படித்திருக்கிறோம். 'கொர்பான்' என்னும் அச்சொல், குருமடத்திற்குப் பிள்ளையை அனுப்பிய ஒவ்வொரு ஏழைக் குடும்பத்தின் வாசலிலும் ஓர் நிழலாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. காரஸ் தாயைக் கைவிடவில்லை. அவளுக்குக் கட்டுப் போட்டவர், வீட்டுக்கு அழைத்துச் செல்வேன் என்று வாக்குக் கொடுத்தவர். சட்டத்தின்படி அவர்மீது குற்றமில்லை. ஆனால் சட்டம் விடுதலை செய்தாலும் மனச்சான்று விடுதலை செய்வதில்லையே! அருகில் இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போனோம் என்னும் எண்ணம் அவரை உள்ளிருந்து அரித்துத் தின்கிறது. தாய் இறந்த பின்னர், நண்பரான டயர் என்னும் குரு, குடித்து அழும் காரஸை அறையில் படுக்க வைத்து, காலணிகளைக் கழற்றி, உறங்கும்வரை உடனிருக்கிறார். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு நம் நினைவுக்கு வந்தது. இயக்குநர் அதை எண்ணி வைத்தாரோ, தானாக அமைந்ததோ!

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சிறு காட்சி ஒன்று, படத்தின் முற்பகுதியிலேயே வந்து போகிறது. சுரங்க ரயில் நிலையத்தில் அழுக்கடைந்த குடிகாரர் ஒருவர், தாமும் ஒரு காலத்தில் பீடச் சிறுவனாக இருந்தவர் என்று சொல்லிக் காரஸிடம் உதவி கேட்கிறார். காரஸ் அவரைப் பார்க்கிறார், முகம் சுளிக்கிறது, விலகிப் போகிறார். யாரும் பெரிதாக எண்ணாத செயல்தான். பின்னர்ச் சிறுமியின் வாயிலிருந்து அதே பிச்சைக்காரரின் குரல், அதே சொற்களைக் கூறுகிறது. அலகை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. நாம் கடந்து போன முகங்களையே எடுத்து நம்முன் நிறுத்துகிறது.

இனி மற்றொரு தாயைப் பார்ப்போம். கிறிஸ் மெக்நீல் ஒரு திரைப்பட நடிகை. கடவுள் நம்பிக்கை இல்லாதவள். கணவரைப் பிரிந்து, மகள் ரேகனுடன் ஜார்ஜ்டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மகளின் பிறந்தநாளுக்குத் தந்தை வாழ்த்துச் சொல்லவில்லை. ரோமையில் இருக்கும் அவரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்று, இணைப்பாளரிடம் கத்துகிறாள் கிறிஸ். அப்பால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் சிறுமி. பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் கதவோரம் நின்று எதையெல்லாம் கேட்க நேர்கிறது என்பதை எந்த விளக்கவுரையும் இன்றி இயக்குநர் காட்டிவிடுகிறார். பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு வெறுமை வந்து குடியேறிவிட்டது.

பிறகு நோய். மருத்துவர்கள் மூளையில் காரணம் தேடுகிறார்கள். கழுத்தில் ஊசி குத்தி, இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் பிடிக்கும் சோதனை முழுமையாகக் காட்டப்படுகிறது. பேயின் சேட்டைகளைத் தாங்கிக்கொண்ட பலராலும் தாங்க முடியாத காட்சி அது என்பார்கள். 88 மருத்துவர்கள் பார்த்தும் விடை இல்லையே என்று கிறிஸ் வெடிக்கிறாள். இறுதியில் பேயோட்டும் சடங்கைப் பரிந்துரைப்பதும் மருத்துவர்களே! நோயாளி அதை நம்பினால் அந்த நம்பிக்கையே குணமாக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. நம்பிக்கையற்ற தாய், நம்பிக்கையற்ற மருத்துவர்களின் சொல் கேட்டு, நம்பிக்கை தளர்ந்த ஒரு குருவிடம் வந்து நிற்கிறாள். இதைவிடக் கசப்பான நகைமுரண் ஒன்றைப் புனைவது அரிது.

காரஸ் அவளை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். மனநோய்களைப் பற்றி அறிந்துகொண்ட பிறகு அதெல்லாம் பழங்கதை என்கிறார். குழாய்த் தண்ணீரைத் தூய நீர் என்று சொல்லித் தெளித்துச் சோதிக்கிறார், சிறுமி துடிக்கிறாள், அவருடைய ஐயம் வலுக்கிறது. ஆயரிடம் அனுமதி கேட்கும்போதும், உறுதியாக நம்புகிறேன் என்று அவர் சொல்வதில்லை. திருச்சபை விதித்துள்ள நிபந்தனைகள் பொருந்துவதாக முன்மதியுடன் தீர்மானித்திருக்கிறேன் என்றே சொல்கிறார். திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் எண், தல ஆயரின் வெளிப்படையான தனி அனுமதி இன்றி எந்தக் குருவும் இதைச் செய்யலாகாது என்று தடுக்கிறது. நோயையும் தீயோனின் பிடியையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் வலியுறுத்துகிறது. காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் மருத்துவரிடம் போகாமல் மந்திரிக்கக் கூட்டிவரும் நம் மக்கள், இந்தப் படத்தின் முதல் ஒன்றேகால் மணி நேரத்தையாவது பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு நாள் இரவு, கட்டிலில் கட்டிப் போடப்பட்டிருக்கும் சிறுமியின் வயிற்றில், உள்ளிருந்து யாரோ கீறுவதுபோல, தோலின்மேல் எழுத்துகள் தடித்து எழுகின்றன. தனக்கு உதவுமாறு கேட்கும் இரு சொற்கள். அந்த அருவருப்பான உருவத்துக்கு உள்ளே எங்கோ, குரலும் முகமும் பறிக்கப்பட்ட ஒரு குழந்தை இன்னும் இருக்கிறாள்!

நம் பங்குகளில் நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்வோர் இதனைத் திரையில் மட்டும் கண்டவர்கள் அல்லர். நினைவு தப்பிப்போன முதியோர் எத்தனை வீடுகளில் கிடக்கிறார்கள்! வாழ்நாளெல்லாம் செபமாலையைத் தவிர வேறெதையும் உருட்டாத வாய், இன்று காது கூசும் சொற்களை உமிழ்கிறது. சோறு ஊட்டும் மருமகளின் கையைக் கடிக்கிறது. "இது எங்க அம்மாவே இல்ல, சாமி" என்று அழும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். படத்தில் கிறிஸ் காரஸிடம் சொல்வதும் ஏறத்தாழ அதுவே: மாடியில் கிடப்பது தன் மகள் அன்று. அன்பில்லாதவர்கள் பேசும் பேச்சன்று இது. உண்மையான அம்மாவை, உண்மையான மகளை மனத்திற்குள் காப்பாற்றி வைத்துக்கொள்ள அன்பு செய்யும் கடைசி முயற்சி எனலாம். ஆனால் அந்தப் பேச்சு ஓரடி தவறினால், கட்டிலில் கிடப்பவரை ஆளாகவே எண்ணாத நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அன்புக்கும் கைவிடுதலுக்கும் நடுவே உள்ள கோடு இவ்வளவு மெல்லியதா என்று எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது.

முதிய குருவான மெரின் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறார். மூடுபனியில், தெருவிளக்கின் கீழ், கைப்பையுடன் அவர் நிற்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஈராக்கின் பழைய நகரமான ஹத்ராவின் இடிபாடுகளிடையே படத்தின் தொடக்கத்தில் நாம் பார்த்த தொல்லியல் அறிஞர் இவரே. இதய நோயாளி, நடுங்கும் விரல்களால் மாத்திரையை எடுத்து விழுங்குபவர். அந்த வேடத்தை ஏற்ற மாக்ஸ் வான் சீடோவுக்கு அப்போது வயது 44க்கு மேல் இல்லை என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. 1965இல் வேறொரு படத்தில் ஆண்டவர் இயேசுவாக நடித்தவரும் அவரே. வந்தவர் சிறுமியின் நோய் வரலாற்றைக் கேட்பதில்லை. காரஸ் விளக்க முன்வந்தும் மறுத்துவிடுகிறார். தாயிடம் மகளின் இரண்டாம் பெயர் என்ன என்று மட்டும் கேட்கிறார். தெரேசா என்கிறாள் தாய். எவ்வளவு அழகான பெயர் என்று வியக்கிறார் முதியவர். பல வாரங்களாக அந்த வீட்டில் எல்லாரும் நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, ஒருவர் குழந்தையின் பெயரைக் கேட்டார்.

ஒன்றுமறியாச் சிறுமியை அலகை ஏன் பிடிக்க வேண்டும்? பிளாட்டியின் நாவலில் மெரின் இதற்கு விடை சொல்கிறார். தீயோனின் குறி அந்தச் சிறுமி அல்லள். சுற்றி நிற்பவர்களே என்பது அவர் கருத்து. மனிதர் வெறும் விலங்கு, அழுகும் தசை, கடவுளின் அன்புக்குத் தகுதியற்ற அருவருப்பு என்று பார்ப்பவர்களை நம்ப வைத்து, நம்பிக்கையிழக்கச் செய்வதே நோக்கமாம். இந்த உரையாடலை 1973இல் ஃபிரீட்கின் வெட்டிவிட்டார். பிளாட்டி மனம் வருந்தினார். 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 11 நிமிடங்கள் சேர்த்து மீண்டும் வெளியிட்டபோது அது இடம்பெற்றது. இருவரில் யார் செய்தது சரி? மறையுரை ஆற்றிப் பழகிய நமக்குப் பிளாட்டியின் பக்கம் சாய்வதே இயல்பு. ஆயினும் உண்மையைச் சொன்னால், களைத்துப்போன இரு குருக்கள் மாடிப்படியில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் தோற்றமே போதும் என்று தோன்றுகிறது. அவர்கள் எழுந்து மறுபடியும் அதே அறைக்குள் போகப் போகிறார்கள் அல்லவா? அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

அறைக்குள் அலகை, காரஸின் தாயுடைய குரலில் பேசுகிறது. தாயின் தோற்றத்தையே காட்டுகிறது. அவர் உடைந்துபோகிறார். மெரின் அவரை வெளியே அனுப்பிவிடுகிறார். அலகையைக் கண்ணால் கண்டாகிவிட்டது. காரஸ் தேடிய சான்று கிடைத்துவிட்டது. இனி விசுவாசம் திரும்ப வந்துவிட வேண்டுமே! வரவில்லை. பேய்களும் கடவுள் உண்டென்று நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியிருப்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. இயற்கையை மீறியதைப் பார்த்தால் நம்பிக்கை பிறந்துவிடும் என்று எண்ணி, அற்புதம் நடப்பதாகச் சொல்லப்படும் இடங்களுக்கெல்லாம் ஓடுவோர் காரஸின் முகத்தை இந்தக் கட்டத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். அது வெறுமையாக இருக்கிறது.

கீழே தலையைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் அவரிடம் கிறிஸ் வந்து, தன் மகள் இறந்துவிடுவாளா என்று கேட்கிறாள். ஒரு கணம். இல்லை என்கிறார் காரஸ். எழுந்து படியேறிப் போகிறார். அவருடைய விசுவாசம் திரும்பி வந்தது அந்த ஒரு சொல்லில் என்றே நாம் கருதுகிறோம். தம் தாயின் கட்டிலருகே நிற்க முடியாமற்போன மனிதர், வேறொரு தாயின் பிள்ளையுடைய கட்டிலருகே நிற்கப் போகிறார்.

மேலே மெரின் இறந்து கிடக்கிறார். காரஸ் அவருடைய நெஞ்சை அழுத்திப் பார்க்கிறார், பயனில்லை. சினம் பொங்கிச் சிறுமியின்மேல் பாய்ந்து அடிக்கிறார். என்னை எடுத்துக்கொள் என்று அலகையை நோக்கிக் கூவுகிறார். அது அவருக்குள் புகுகிறது. அவருடைய கைகள் குழந்தையின் கழுத்தை நோக்கி நீளும் நேரத்தில், நொடிப்பொழுது அவர் தம்நிலை பெற்று, சன்னல் வழியே வெளியே பாய்ந்து, வீட்டை ஒட்டிய நெடும்படிக்கட்டில் உருண்டு வீழ்கிறார்.

அறநெறி இறையியல் கற்றவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் செரிப்பதில்லை. தீயோனைத் தன்னுள் வரும்படி அழைக்க ஒருவருக்கு உரிமை உண்டா? அந்தச் சாவு தற்கொலையா, தற்கொடையா? முதல் வினாவுக்கு, உரிமை இல்லை என்பதே நேரான விடை. ஆனால் தம் இனத்தார்க்காகத் தாமே கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்று உரோமையருக்கு எழுதிய பவுலையும், மக்களை மன்னிக்காவிடில் தம் பெயரையும் நீக்கிவிடும்படி இறைவனிடம் மன்றாடிய மோசேயையும் என் செய்வது? அன்பு தன் எல்லையில் சொல்லும் சொற்களை இலக்கணப் பிழை திருத்துவதுபோல் திருத்திவிட முடியாது. இரண்டாம் வினாவில் நமக்கு ஐயமில்லை. அவர் சாவைத் தேடிப் பாயவில்லை. தம் கைகள் அந்தக் குழந்தையை எட்டாத தொலைவைத் தேடிப் பாய்ந்தார். ஆயினும் அவரைப் பீடத்தில் ஏற்றவும் நாம் விரும்பவில்லை. சற்று முன்னர் அதே கைகள் அந்தக் குழந்தையை அடித்தனவே. தூய்மையான தியாகம் என்று சொல்லத்தக்கது இவ்வுலகில் எங்கே நடக்கிறது? சினமும் குற்ற உணர்வும் அன்பும் ஒன்றாய்க் கலந்த மனிதச் செயல் அது. படத்தை நாம் மனித நாடகம் என்று அழைப்பதற்கு அதுவே காரணம்.

படிக்கட்டின் அடியில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு டயர் ஓடி வருகிறார். பாவங்களை அறிக்கையிட விரும்புகிறாயா என்று கேட்கிறார். பேச வாயில்லை. குருதி தோய்ந்த கை, நண்பரின் கையை மெல்ல அழுத்துகிறது. டயர் அழுதுகொண்டே பாவ மன்னிப்பு ஆசீரை அளிக்கிறார். மாடியில் நடந்த பேயோட்டும் சடங்கு, புறத்தே பார்த்தால், பாதியிலேயே முறிந்துபோயிற்று. அதை நடத்தியவரும் இறந்துபோனார். ஆனால் தெருவோரத்தில், நாடகத்தனம் ஏதுமின்றி, ஒப்புரவு அருட்சாதனம் முழுமையாக நிறைவேறுகிறது. இதைச் செய்தி நறுக்கிலும் விளம்பரத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

சில நாள்களில் தாயும் மகளும் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு புறப்படுகிறார்கள். மகளுக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை என்கிறாள் கிறிஸ். விடைபெற வந்த டயருக்கு வணக்கம் சொல்லும் சிறுமியின் பார்வை, அவர் முகத்திலிருந்து இறங்கி, கழுத்தில் உள்ள வெள்ளைப் பட்டையில் நிலைக்கிறது. காரணம் ஏதும் அறியாமலே எட்டி அவர் கன்னத்தில் முத்தமிட்டு விட்டு, காரில் போய் ஏறிக்கொள்கிறாள்.